14–24 லென்ஸுக்கு 150 மி.மீ. சதுர ஃபில்டரா, இல்லை 100-லேயே நிற்கலாமா?

முட்டம்பாறை:

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படிக்க மட்டும் வந்துபோகிறவன், இன்றைக்குக் கேட்டே ஆகவேண்டிய நிலை.

என்னிடம் நிக்கான் டி750, 24–120 எஃப் 4 இருக்கிறது. போன மாதம் பழைய 14–24 எஃப் 2.8 ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்தது, யோசிக்காமல் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றினால் முன்கண்ணாடி தவளைக் கண் மாதிரி பிதுங்கி நிற்கிறது, ஃபில்டர் திருக மரையே இல்லை. விற்றவரைக் குறை சொல்ல முடியாது, நான்தான் பார்க்கவில்லை.

நான் எடுப்பது பெரும்பாலும் முட்டம் பாறைகளும் சொத்தவிளையும்தான், எப்போதாவது கன்னியாகுமரி. அஸ்தமன நேரத்தில் பாறைக்கு எக்ஸ்போஷர் வைத்தால் வானம் வெளுத்துப் போகிறது, வானத்துக்கு வைத்தால் பாறை கரிக்கட்டை. அதனால் சதுர ஃபில்டர் வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். 14–24-க்கு 150 மி.மீ. ஹோல்டர்தான் (லென்ஸுக்கு முன்னால் ஃபில்டரைச் சொருகுகிற சட்டம்) போடமுடியும் என்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தார், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. விலையைக் கேட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவன்தான்.

150 வாங்கினால் 24–120-க்கும் அதையே போட்டுக்கொள்ளலாமா? 100 வாங்கினால் 14–24 சும்மா கிடக்குமா? முதலில் எந்தக் கண்ணாடி வாங்குவது? திட்டினாலும் பரவாயில்லை, பதில் சொல்லுங்கள்.

ஹிஸ்டோகிராம்:

ஒன்றுமே வாங்காதீர்கள்.

டி750 சென்சாரில் ஐஎஸ்ஓ 100-இல் வானத்துக்கு எக்ஸ்போஷர் வைத்து எடுத்துவிட்டு, ரா ஃபைலில் (சென்சார் பதிந்தது அப்படியே இருக்கிற கோப்பு) நிழலை மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) தூக்கிப் பாருங்கள், அலுங்காமல் வரும். அதுவும் போதாது என்றால் முக்காலியில் வைத்து வானத்துக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று எடுத்து வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம். செலவு பூஜ்யம். நான் என் ஜிஎன்டி கண்ணாடிகளை, அதாவது வானத்தை மட்டும் அடக்க மேல்பாதி கறுத்த ஃபில்டர்களை, விற்று நாலு வருடம் ஆகிறது, ஒரு நாள்கூடத் தேடியதில்லை. ஓஎம் சிஸ்டம் 2024-இல் ஓஎம்-1 மார்க் 2 கேமராவுக்குள்ளேயே லைவ் ஜிஎன்டி என்று ஒரு வசதியைப் போட்டுவிட்டது, மென்பொருளே அந்தக் கண்ணாடி வேலையைச் செய்கிறது. காலம் அந்தப் பக்கம் போகும்போது கண்ணாடித் தட்டைத் தூக்கிக்கொண்டு பாறைமேல் ஏற ஏன் ஆசைப்படுகிறீர்கள்?

பழைய ரோல்:

தம்பி ஹிஸ்டோகிராம், நீங்கள் சொல்வதில் பாதி சரி. மிச்சப் பாதிக்குத்தான் எனக்கு வழக்கு.

ஜிஎன்டி கண்ணாடி ஸ்லைடு ஃபிலிம் காலத்து அவசியம். வெல்வியா ரோலில் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் நடுவே நாலைந்து ஸ்டாப் தாங்கினால் பெரிய விஷயம், பிறகு தூக்குவதற்கு ரா கிடையாது, பெட்டியில் திரும்பி வந்த ஸ்லைடில் வானம் வெள்ளை என்றால் வெள்ளைதான். அதற்காகத்தான் ஊர் ஊராகக் கோக்கின் பி ஹோல்டர் மாட்டிக்கொண்டு திரிந்தோம். ழான் கோக்கான் என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் 1970-களின் கடைசியில் கொண்டுவந்த ஏற்பாடு அது; பிளாஸ்டிக் சட்டத்தில் சதுரக் கண்ணாடியைச் சொருகு, வேண்டாவிட்டால் உருவு. இன்றைக்கு விற்கிற விலையுயர்ந்த ஹோல்டர் எல்லாம் அதன் பேரன் பேத்திகள். நிலக்காட்சிக்காரர்களிடம் ஜிஎன்டி இவ்வளவு பரவியதில் அமெரிக்காவின் கேலன் ரோவெலுக்குப் பெரிய பங்கு, அவர் பெயரிலேயே சிங்-ரே கம்பெனி கண்ணாடி போட்டது.

சரி, இப்போது டிஜிட்டல். வானமும் பாறையும் தனித்தனியாக எடுத்துச் சேர்ப்பது நடக்கிற காரியம், மறுக்கவில்லை. ஆனால் அவர் கேட்ட இடம் முட்டம். அங்கே அலை பாறையில் மோதி இடுப்பு உயரத்துக்குச் சிதறி, தொடுவானக் கோட்டையும் தாண்டி மேலே போகிறது. ஒரு ஃபிரேமில் இருக்கிற திவலை அடுத்த ஃபிரேமில் இருக்காது. சேர்க்கிற கோடு அதன் நடுவே போகும்போது எந்தப் படத்தில் எந்தப் பகுதி என்று ராத்திரி பன்னிரண்டு மணிவரை மாஸ்க் வரைய வேண்டியதுதான். வரைய நேரமும் மனசும் இருப்பவர்கள் வரையட்டும், நான் கண்ணாடியை இரண்டு விரலால் கீழே இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து தூங்குகிறேன்.

அப்புறம் இரண்டு விஷயம் மென்பொருளில் நடக்காது. ஒன்று போலரைசர்: ஈரப் பாறை மினுமினுப்பை, ஓடைத் தண்ணீரின் பளபளப்பை எடுத்துவிட்டு அடியில் உள்ள நிறத்தைக் காட்டுவதற்குப் படம் எடுத்த பிறகு வழியே இல்லை. இன்னொன்று நீண்ட எக்ஸ்போஷர், ஷட்டரைப் பல நொடி திறந்து வைத்து எடுப்பது.

ஹிஸ்டோகிராம்:

அண்ணே, போலரைசருக்குச் சதுர ஹோல்டர் எதற்கு? வட்டமாக ஒன்று 77 மி.மீ.-இல் வாங்கித் திருகினால் போச்சு. நீண்ட எக்ஸ்போஷருக்கும் ஒரு நொடிப் படம் பதினாறு எடுத்துச் சராசரி போட்டால் பதினாறு நொடிக்குச் சமம்தான். மற்றபடி தூக்கத்தில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பழைய ரோல்:

அந்தப் பதினாறில் இரண்டு ஃபிரேமுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் மேகக் கோடு புள்ளி வைத்த கோலம் மாதிரி வரும். நீங்களே ஒன்று போட்டிருந்தீர்கள், போன தீபாவளி சமயம். ஞாபகம் இருக்கிறது.

நிலாவெளி:

நான் திருகோணமலைப் பக்கம். 14–24-உம் 150 மி.மீ. ஹோல்டரும் மூன்று வருடம் பாவித்த ஆள் என்றபடியால் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். அந்த லென்ஸுக்கு 150 சரியாகப் பொருந்தும். லீ கம்பெனி தன் எஸ்டபிள்யூ150-ஐ முதலில் செய்ததே இந்த நிக்கான் லென்ஸை மனதில் வைத்துத்தான். மரை இல்லாதபடியால் வளையம் லென்ஸின் உடம்பைச் சுற்றிப் பிடிக்கும். 14-இலும் மூலை கறுக்கவில்லை. நிலாவெளியில் விடியக்காலை எடுத்த படங்கள் வடிவாகத்தான் வந்தன.

இனிக் கெட்டது. சரியான பாரம். என்டி கண்ணாடி (முழுதும் ஒரே கறுப்பு, வெளிச்சத்தைக் குறைக்க) 150-க்கு 150, ஜிஎன்டி 150-க்கு 170. கணக்குப் போட்டுப் பாருங்கள், 100-க்கு 100 கண்ணாடியைவிடப் பரப்பு இரண்டேகால் மடங்கு. காசும் அந்தக் கணக்கில்தான் ஏறும். ஹோல்டர், நாலு கண்ணாடி, அதற்குரிய பை எல்லாம் சேர்த்தால் இன்னொரு கமரா உடம்பைத் தூக்கிக்கொண்டு நடப்பது போல. 24–120-இல் போடலாம், அதற்கு 77 வளையம் தனியாக வாங்க வேண்டும். போட்டால் சின்னப் பிள்ளைக்கு அப்பாவின் சேர்ட் போட்டது போல இருக்கும்.

மற்றது காற்று. 150 கண்ணாடி ஒரு பாய்மரம். ஒரு நாள் விடிய, முக்காலியில் பூட்டிவிட்டுப் பையிலிருந்து துணி எடுக்கக் குனிந்தேன், அவ்வளவுதான், பின்னால் சத்தம் கேட்டது. கமரா மணலில் விழுந்தபடியால் தப்பியது. பத்து ஸ்டாப் கண்ணாடி மட்டும் ஒரு கல்லில் பட்டு மூன்று துண்டு. புதுசு வாங்கி இரண்டு மாதம் ஆகவில்லை.

இப்போது 14–24-ஐ இரவு வானத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன், அதற்கு ஃபில்டர் தேவையில்லை. கடலுக்கு 16–35 எஃப் 4, 100 மி.மீ. ஹோல்டர். 14-க்கும் 16-க்கும் உள்ள வித்தியாசத்துக்கு நான் கொடுத்த காசை நினைத்தால் இப்பவும் வயிறு எரியும்.

முட்டம்பாறை:

நிலாவெளி அண்ணா, ரொம்ப நன்றி. கடைக்காரர் பெட்டியைத் திறந்தபோது எனக்குத் தோன்றியதும் இதுதான், சொல்லத் தெரியவில்லை. 16–35 எஃப் 4-க்கு 77 மரைதானே? 24–120-க்கும் 77. ஒரே வளையம் இரண்டுக்கும் போகுமா?

நிலாவெளி:

ஓம், இரண்டும் 77. வளையத்தைக் கழற்றி மாற்றவே பஞ்சியாக இருந்தால் இரண்டு வாங்கி இரண்டு லென்ஸிலும் விட்டுவிடலாம். நான் அப்படித்தான்.

கொடைமேகம்:

எல்லாரும் கடலிலேயே நிற்கிறீர்கள், மலைக்காரி ஒருத்தி குறுக்கே வருகிறேன்.

நான் ஃபியூஜி, 10–24 லென்ஸ், 72 மரை. சோலைக்குள்ளே, ஓடைக்கரையில்தான் என் வேலை. தொடுவானம் என்று நேர்கோடு ஒன்று மலையில் கிடையாது. ஜிஎன்டியை இறக்கினால் மரத்தின் மேல்பாதி இருண்டு போகும், பார்த்தவுடனே கண்ணாடி வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். அதனால் எனக்கு இந்தச் சதுர ஏற்பாடே வேண்டியதில்லை, வட்டப் போலரைசர் ஒன்று, 3 ஸ்டாப் என்டி ஒன்று, அவ்வளவுதான். போலரைசரே ஒன்றரை இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடுகிறது, நிழலான ஓடையில் அது ஒன்றே அரை நொடிக்குக் கொண்டுவந்து விடும். அருவிக்கு அரை நொடி, ஒரு நொடி போதும், அப்போதுதான் தண்ணீர் விழுகிற நரம்பு தெரியும். முப்பது நொடி வைத்தால் பஞ்சு மிட்டாய்.

ஆக முட்டம்பாறை முதலில் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது: வருடத்தில் எத்தனை படத்தில் நேரான தொடுவானம் இருக்கிறது? பாதிக்குமேல் என்றால் சதுரம். இல்லையென்றால் வட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மிச்சப் பணத்துக்கு நல்ல முக்காலி வரும்.

ஹிஸ்டோகிராம்:

அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன்.

கொடைமேகம்:

நீங்கள் வழிமொழியாதீர்கள், நான் போலரைசராவது வாங்கச் சொன்னேன். நீங்கள் ஒன்றுமே வாங்காதே என்கிற கட்சி.

முட்டம்பாறை:

எண்ணிப் பார்த்தேன் அக்கா. போன வருடம் வைத்துக்கொண்ட படங்களில் பத்துக்கு எட்டில் கடல் கோடு இருக்கிறது. அப்போது சதுரம்தான். 14–24-ஐ விற்றுவிட்டு 16–35 வாங்கப் போகிறேன், வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

இனி ஹோல்டர். லீ, நிஸி, ஹைடா, கேஸ் என்று பார்க்கப் பார்க்கத் தலை சுற்றுகிறது. எல்லாம் 100 மி.மீ. என்றால் வித்தியாசம் எங்கே?

பழைய ரோல்:

கண்ணாடி அளவு ஒன்றுதான், பெரும்பாலும் 2 மி.மீ. தடிமன், அதனால் ஒரு கம்பெனி ஹோல்டரில் இன்னொரு கம்பெனி கண்ணாடி போகும். இதை முதலில் மனதில் வையுங்கள், முழுக் கிட்டையும் ஒரே இடத்தில் வாங்க வேண்டியதில்லை. சட்டம் பூட்டிய கண்ணாடி, காந்தச் சட்டம் வைத்த கண்ணாடி என்று சிலர் விற்கிறார்கள், அதில் மட்டும் கவனம், சட்டத்தோடு வந்தது அடுத்தவன் ஹோல்டரில் நுழையாது.

வித்தியாசம் இருப்பது போலரைசரை எங்கே வைக்கிறார்கள் என்பதில். லீ100-இல் போலரைசர் எல்லாவற்றுக்கும் முன்னால், 105 மி.மீ. பெரிய வட்டமாக மாட்டும். நிஸி வி6, வி7-இல் பின்னால், லென்ஸுக்கு ஒட்டி உட்காரும், ஹோல்டர் ஓரத்தில் உள்ள சின்னச் சக்கரத்தை விரலால் உருட்டினால் சுழலும். முதன்மை வளையம் 82, கூடவே 77, 72, 67-க்குச் சின்ன வளையங்கள் வரும். ஹைடா எம்10-இல் பின்னாலேயே ஒரு பள்ளம், வட்டப் போலரைசரையோ என்டியையோ மேலிருந்து சொருகலாம். கேஸ் கே9-இல் போலரைசர் காந்தத்தில் ஒட்டும்.

என் கை எதைக் கேட்கிறது என்றால் பின்னால் உட்காருகிறதைத்தான். முன்னால் தொங்கும் பெரிய போலரைசரில் சாரல் முழுதும் விழும், பக்கவாட்டு வெளிச்சத்தில் கண்ணாடிகளுக்கு நடுவே பிரதிபலிப்பும் கூடும். ஆனால் போலரைசரை அடிக்கடி கழற்றி மாட்டுகிற ஆளாக இருந்தால் முன்னால் இருப்பது வசதி, ஹோல்டரைக் கழற்ற வேண்டாம். கடையில் கையில் வாங்கிப் பாருங்கள். பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: கண் மூடிக்கொண்டு ஹோல்டரைக் கழற்றி மாட்ட முடிகிறதா? விடியக்காலை இருட்டில், விரல் விறைத்திருக்கும்போது அதைத்தான் செய்யப் போகிறீர்கள்.

இன்னொன்று, கடல் வானத்துக்குப் போலரைசரோடு 16-இல் எடுக்காதீர்கள். சூரியனுக்குத் தொண்ணூறு பாகையில் மட்டும்தான் வானம் நன்றாக இருளும், அகல லென்ஸில் நடுவே நீலப் பட்டையும் இரண்டு பக்கமும் வெளுப்புமாக அசிங்கமாக வரும். பாறை, தண்ணீர், இலை, இதற்குத்தான் அது.

முட்டம்பாறை:

கண்ணாடி? கடைக்காரர் ஏழு கண்ணாடி உள்ள கிட் காட்டினார். 0.6, 0.9, என்டி 64, என்டி 1000, சாஃப்ட், ஹார்ட், ரிவர்ஸ். பாதி புரியவில்லை, புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

நிலாவெளி:

பெயர்க் குழப்பம்தான், விஷயம் லேசு. 0.3 என்றால் ஒரு ஸ்டாப். அப்போது 0.9 மூன்று ஸ்டாப், 1.8 ஆறு ஸ்டாப், 3.0 பத்து ஸ்டாப். என்டி 8, என்டி 64, என்டி 1000 என்பது முறையே அதே மூன்றுதான், வெளிச்சத்தை எத்தனையில் ஒரு பங்காகக் குறைக்கிறது என்ற கணக்கு.

பத்து ஸ்டாப்பை எல்லாரும் முதலில் வாங்குவார்கள், நானும் வாங்கினேன், வாங்கி உடைத்தேன். சூரியன் மறைந்த பிறகு லென்ஸ் துவாரம் எஃப் 11-இல் கால் நொடி வருகிறது என்று வையுங்கள். ஆறு ஸ்டாப் போட்டால் 16 நொடி. அதே இடத்தில் பத்து ஸ்டாப் போட்டால் 256 நொடி, நாலு நிமிடத்துக்கு மேல், அதற்குள் வெளிச்சமே வேறாகிவிடும். பத்து ஸ்டாப் மத்தியான வெயிலுக்கு: 1/250 என்றால் 4 நொடி கிடைக்கும். நீங்கள் விடியலும் பின்னேரமும் எடுக்கிற ஆள், ஆறு போதும்.

பழைய ரோல்:

நிலாவெளி சொன்னது பத்தரை மாற்று. ஜிஎன்டிக்கு நான் சொல்கிறேன்.

ஸ்டாப் எவ்வளவு என்பதை மீட்டரிடமே கேளுங்கள். எஃப் 11-இல் பாறையும் தண்ணீரும் உள்ள பக்கம் திருப்பினால் 1/8, சூரியனை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தால் 1/60, வித்தியாசம் மூன்று ஸ்டாப். மூன்றையும் அழிக்கக் கூடாது. அழித்தால் வானமும் தரையும் ஒரே வெளிச்சத்தில் நின்று மேடை நாடகத் திரைச்சீலை மாதிரி ஆகும். ஒரு ஸ்டாப்பாவது வானம் கூடுதலாக இருக்கட்டும். ஆக அன்றைக்கு 0.6. ஆனால் சூரியன் பிரேமுக்குள் இருக்கிற மாலைக்கு 0.9 தேவைப்படும், ஒன்றே ஒன்று என்றால் 0.9 வாங்குங்கள். டி750-இல் மிச்சத்தை ராவில் சரிசெய்யலாம், இதை ஹிஸ்டோகிராம் தம்பியின் கணக்கில் எழுதிக்கொள்ளவும்.

விளிம்புக்கு வருகிறேன். ஹார்ட் என்றால் கறுப்பு ஒரு கோட்டில் டக்கென்று முடியும், சாஃப்ட் மெல்ல மெல்லக் கரையும், மீடியம் நடுவே. ரிவர்ஸ் என்பது நடுக்கோட்டில் அதிகக் கறுப்பு, மேலே போகப் போகக் குறையும், கடலில் இறங்குகிற சூரியனுக்கென்றே செய்தது. கேட்டால் முட்டத்துக்கு ரிவர்ஸ்தான் என்று தோன்றும். வாங்காதீர்கள். முட்டத்தில் பாறை தொடுவானத்துக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது, ரிவர்ஸின் கறுப்புப் பட்டை சரியாக அந்தத் தலையில் உட்காரும். வெறும் கடல், வெறும் வானம் என்றால் அது அருமை. கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலை 133 அடிக்கு எழுந்து நிற்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே விடியலில் சிலை எப்படியும் நிழலுருவம்தான், மேலும் இருண்டால் என்ன கெட்டுப்போச்சு.

16-இல் சாஃப்ட்டும் மீடியமும் நன்றாக வேலை செய்யும். அதே சாஃப்ட்டை 24–120-இல் 100 மி.மீ.-க்குப் போட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், ஏனென்றால் நீள லென்ஸ் கண்ணாடியின் நடுவில் ஒரு சின்னத் துண்டைத்தான் பார்க்கிறது, அந்தத் துண்டு முழுதும் கரைகிற பகுதியாகவே இருக்கும். அதற்கு ஹார்ட் வேண்டும். கொடைமேகம் அம்மா மாதிரி சின்ன சென்சார்க்காரர்களுக்கும் கொஞ்சம் இந்தச் சிக்கல் உண்டு. உங்களுக்கு மீடியம் 0.9 ஒன்று. அவ்வளவுதான்.

ஆக ஹோல்டர், போலரைசர், ஆறு ஸ்டாப், மீடியம் 0.9. ஏழு கண்ணாடிக் கிட்டில் நாலு பையிலேயே கிடந்து பூசணம் பூக்கும், என் வீட்டில் சாட்சி இருக்கிறது.

ஹிஸ்டோகிராம்:

கண்ணாடியா, ரெசினா என்று யாரும் சொல்லவில்லையே. விற்றவன் என்ற முறையில் நானே சொல்கிறேன். ரெசின் விழுந்தால் உடையாது, ஆனால் துடைத்தாலே கோடு விழும், உப்புத் துகளோடு துடைத்தால் கேட்கவே வேண்டாம். கண்ணாடி லேசில் கீறாது, ஆனால் விழுந்தால் நிலாவெளிக்கு நடந்தது நடக்கும். நான் முதலில் மலிவாக ஒரு ரெசின் செட் வாங்கினேன், பெயர் வேண்டாம், இரண்டை அடுக்கியதும் வானம் முழுக்கக் கத்தரிப்பூ நிறம். வெள்ளைச் சமன் மாற்றினால் தரை பச்சையாகும். அந்தக் கடுப்பில்தான் இந்தக் கட்சிக்கே வந்தேன்.

கொடைமேகம்:

அப்படி வாருங்கள். மலிவுச் செட்டு செய்த வேலைக்கு மொத்த ஜிஎன்டி இனத்தையும் தண்டித்திருக்கிறீர்கள்.

ஹிஸ்டோகிராம்:

இருக்கலாம்.

முட்டம்பாறை:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். 14–24 போய்விட்டது, 16–35 எஃப் 4 வந்துவிட்டது, இரண்டும் பழையதுதான், கையிலிருந்து கொஞ்சம் போட்டேன். போலரைசர் பின்னால் உட்காருகிற 100 மி.மீ. ஹோல்டர் ஒன்று, ஆறு ஸ்டாப், மீடியம் 0.9, இரண்டும் கண்ணாடி. வீட்டில் சொல்லியாகிவிட்டது, அதை எழுதவில்லை.

மூன்று மாலை முட்டம் போனேன். முதல் மாலை எல்லாப் படத்திலும் நாலு மூலையும் கறுப்பு. 16-இல் கறுக்காது என்று போட்டிருந்ததே என்று ஹோல்டரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து பார்த்தால், லென்ஸில் பழைய முதலாளி விட்டுவைத்த யூவி ஃபில்டர், அதன்மேல் வளையம், அதன்மேல் ஹோல்டர். இரண்டாம் மாலை யூவியைக் கழற்றிவிட்டேன், மூலை சரி, ஆனால் 16 நொடிப் படங்களில் நடுவே ஒரு வெளிறிய பட்டை. இது என்ன?

மூன்றாம் மாலை மட்டும் ஒரு படம் சரியாக வந்தது. அலை பின்வாங்கும்போது பாறைக்கு நடுவே தண்ணீர் நூல் நூலாக இழுத்துக்கொண்டு போகிறது, அதற்கு ஆறு ஸ்டாப்பை உருவிவிட்டு வெறும் ஜிஎன்டியோடு அரை நொடி வைத்தேன். மேலே மேகத்தில் நிறம் அப்படியே இருக்கிறது. கேமராவின் பின்திரையிலேயே பார்த்துக்கொண்டு இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பழைய ரோல்:

பட்டை என்றால் வெளிச்சக் கசிவு. இரண்டு இடம் பாருங்கள். என்டி கண்ணாடியின் பின்பக்கம் ஒரு நுரைப்பட்டை ஒட்டியிருக்கும், அது லென்ஸ் பக்கம் திரும்பி இருக்கவேண்டும், அந்தக் கண்ணாடி லென்ஸுக்கு மிக அருகில் உள்ள பள்ளத்தில் போகவேண்டும். ஜிஎன்டி அதற்கு முன்னால். மாற்றிச் சொருகினால் கண்ணாடிக்கும் ஹோல்டருக்கும் நடுவே சந்து விழும். இரண்டாவது வியூஃபைண்டர். டி750 உள்ளே ஆடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமரா, சூரியன் முதுகுப்பக்கமோ பக்கவாட்டிலோ இருந்தால் கண் வைக்கிற துளை வழியாகவே வெளிச்சம் உள்ளே போகும். கேமராவோடு வந்த சின்ன பிளாஸ்டிக் மூடி பெட்டியில் எங்காவது கிடக்கும். கிடைக்காவிட்டால் கறுப்புத் துணி.

ஜிஎன்டியை இறக்கும்போது லைவ் வியூவில், அதாவது பின்திரையில், எடுக்கப்போகிற துவாரத்திலேயே பாருங்கள், எஃப் 4-இல் பார்த்து எஃப் 11-இல் எடுத்தால் விளிம்பு இன்னும் கூர்மையாகிக் காட்டிக்கொடுக்கும். எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டால் மேலும் கீழும் லேசாக ஆட்டுங்கள், அசையும்போது கண்ணுக்குத் தட்டுப்படும்.

படத்தை இங்கே போடுங்கள்.

முட்டம்பாறை:

நுரைப்பட்டை வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

படம் இன்று இரவு போடுகிறேன். அதற்குமுன் ஓர் அவசரம். 77 வளையம் லென்ஸில் சிக்கிக்கொண்டது, இரண்டு நாளாகக் கழலவில்லை. விரலால் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க இன்னும் கெட்டியாகிற மாதிரி இருக்கிறது. இடுக்கி போடட்டுமா?

கொடைமேகம்:

ஐயோ, இடுக்கி வேண்டாம்! விரலால் இரண்டு பக்கம் நெருக்கினால் வளையம் முட்டை வடிவமாகி மரையைக் கவ்விக்கொள்ளும், அதனால்தான் கெட்டியாகிறது. ரப்பர் செருப்பு ஒன்றைத் தரையில் வையுங்கள், லென்ஸைக் கவிழ்த்து வளையத்தின் முகம் முழுதும் ரப்பரில் படும்படி அழுத்தி, லென்ஸை மெல்லத் திருப்புங்கள். சுற்றிலும் ஒரே அழுத்தம் விழுந்தால் கழன்றுவிடும். எனக்கு இரண்டு தடவை வந்தது. அடுத்த முறை மாட்டும்போது இறுகத் திருகிவிட்டுக் கால் சுற்று பின்னால் விடுங்கள், கடல் உப்பு இருக்கிற இடத்தில் வேலை முடிந்ததும் ஈரத்துணியால் மரையைத் துடைத்துவிடுங்கள்.

முட்டம்பாறை:

கழன்றது அக்கா! ஒரே திருப்பு. ஆனால் செருப்பு நான் முட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போனது, அடியிலும் மேலேயும் மணல். வளையத்தில் நாலு கோடு. லென்ஸ் கண்ணாடிக்கு ஒன்றும் இல்லை, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன்.

கொடைமேகம்:

செருப்பைக் கழுவச் சொல்ல விட்டுப்போச்சு, மன்னிக்கவும். மலையில் எங்களுக்கு மணல் கிடையாது.